மகாபலிபுரத்தில் அப்பாவைத் தேடிய மாலை

என் அப்பாவுக்குப் பேச்சு நின்றபோது எங்கள் தெருவில் பேப்பர் வாசிப்பதும் நின்றது. திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் அவர் கணக்குப்பிள்ளை. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மெட்ராஸிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு இறங்கும். ஏஜெண்ட் கயிற்றை அறுப்பதற்குள் அப்பா அங்கே போய் நின்றுவிடுவார். பிறகு மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உரக்கப் படிப்பார். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை ஏற்றிக்கொண்டு வந்த விவசாயிகள் எல்லாரும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். படிப்பதோடு விட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு செய்திக்கும் தன் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த செய்திக்குப் போவார்.

வானிலை அறிக்கையைக்கூட விடமாட்டார். நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவே பார்த்ததில்லை. "அப்ப இன்னிக்கி நாம கடலுக்குப் போவ வேணாம்னு சொல்றீங்க" என்று ஒரு மூட்டைக்காரர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவரை வம்புக்கு இழுப்பார். அப்பா சிரிக்கமாட்டார். "உனக்கு இல்லடா. யாருக்கோ அது உசிரு சமாச்சாரம். பேசாம கேளு" என்பார்.

நெருக்கடி நிலை வந்த காலத்தில் பேப்பரில் படிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்பாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். வீம்புக்கு ஏல அறிவிப்புகளையும் டெண்டர் நோட்டீஸ்களையும் உரக்கப் படித்தார். காலம் சரியில்லை, சத்தமாப் படிக்காதீங்க என்று டீக்கடைக்காரர் காதோடு சொன்னாராம். "டெண்டர் நோட்டீஸ் படிக்கிறதுக்கு எவன்டா என்னைப் புடிச்சிக்கினு போவான்" என்று அதையும் உரக்கவே கேட்டிருக்கிறார். அப்புறம் அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் விட்ட ஸ்கைலாப் உடைந்து விழப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் தெருவில் உடனே இரண்டு கட்சி. ஊர்மேல் விழும் என்று ஒரு கட்சி, மலைமேல்தான் விழும், மலை தாங்கிக்கொள்ளும் என்று ஒரு கட்சி. அது ஆஸ்திரேலியா பக்கம் விழுந்துவிட்டது என்று அப்பா படித்த அன்று இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அம்மா போனபிறகு அப்பா என்னோடும் என் வீட்டுக்காரரோடும் எங்கள் சின்ன மகளோடும்தான் இருந்தார். வீட்டுக்காரருக்கு மின்சார வாரியத்தில் வேலை. எனக்குப் பொறுமை கம்மி. அது ஊருக்கே தெரியும். காலையில் அப்பா பேப்பர் படித்துவிட்டு வந்து வீட்டில் மறுபடி அதே செய்தியைச் சொல்ல ஆரம்பித்தால், "போதும்பா, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, உலகத்தை நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவரும் விடாமல் தெருமுனை வரைக்கும் செய்தி சொல்லிக்கொண்டே கூட வருவார்.

எண்பதுகளில் ஒரு காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். தலைப்பைப் படிக்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கையிலிருந்த பேப்பர் நழுவி டீயில் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கால் சரியாகிவிட்டது. வலது கையில் பலம் கொஞ்சம் திரும்பியது. பேச்சு வரவில்லை. எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சும் எழுத்தும் தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, இரண்டிலும் அடி பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். காது நன்றாகக் கேட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிந்தது. அதுதான் இன்னும் கொடுமை என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

எங்கள் தெருவுக்கு முதல் டிவி வந்ததும் அதே வருஷம்தான். ரைஸ் மில்காரர் வீட்டு மாடியில் அவ்வளவு உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, ஒருத்தர் மேலே நின்று அதை மெட்ராஸ் பக்கமாகத் திருப்ப, இன்னொருத்தர் கீழே நின்று "வந்துச்சி, போச்சி, வந்துச்சி" என்று கத்துவார். படம் முக்கால்வாசி நேரம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் செய்தி நேரத்தில் கூடம் நிறைந்துவிடும். செய்தி முடிந்ததும் ஆகாயத்திலிருந்து எடுத்த மேகத்தின் படத்தைக் காட்டுவார்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு போய் முன்னால் உட்காரவைத்தேன். செய்தி வாசிப்பவர் பேசப் பேச அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. ஒரு பையன் அதைப் பார்த்து இன்னொருவனுக்கு ஜாடை காட்டிச் சிரித்தான். எழுந்துபோய் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். என் வகுப்புப் பையன்தான், அதனால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

சாப்பாடு குறைந்தது. பேப்பரை வாங்கி மடியில் போட்டால் பிரிக்கமாட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவரை வீட்டுக்குள் காணோம். பின்கட்டில் கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்ததும் இறங்கி வந்தார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் ஆள் கூட்டிவந்து கிணற்றுக்குக் கம்பி வலை போட்டார். குழந்தை விளையாடுகிற இடம், அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டோம். அவரவர் நினைத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு டூரிஸ்ட் பஸ் பைத்தியம் பிடித்தது. ஒரே நாளில் மகாபலிபுரம் போய்வரலாம், இரண்டு வேளை சாப்பாடு, வீடியோ வசதி உண்டு என்று சுவரெல்லாம் நோட்டீஸ். எனக்குச் சிரிப்புதான் வந்தது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் போனால் வெள்ளைக்காரர்கள் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கடலைத் தாண்டி மலையைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் மலையை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்புகிறோம். இரண்டு கூட்டமும் போட்டோ பிடிக்கும், இரண்டு கூட்டமும் இளநீருக்கு ஜாஸ்தி விலை கொடுக்கும், திரும்பிப்போய் அற்புதம் என்று சொல்லும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மனிதனுக்கு ஏன் இப்படிக் கண் மங்கிப்போகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் உரக்கவே கேட்டேன். சக டீச்சர்கள் எல்லாரும் ஏற்கெனவே சீட்டுப் பதிவு செய்திருந்தார்கள்.

ஒருநாள் அப்பா பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகப் பிரித்த பேப்பர். உள்பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் விளம்பரம், அதில் அலையும் கடற்கரைக் கோயிலும் கோட்டுப் படமாக இருந்தன. அலைமேல் விரலை வைத்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கேலியையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு அன்றைக்கே எங்கள் குடும்பத்துக்கு சீட்டு போட்டேன்.

பஸ்ஸில் எல்லாரும் எங்கள் ஊர்தான். டிரைவரும் எங்கள் ஊர்தான். இருட்டோடு கிளம்பி, வழியெல்லாம் கேசட் பாட்டு. மகாபலிபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சிற்பங்களைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்தபிறகு கடற்கரைக்குப் போனோம். அப்பா ஈர மணலின் ஓரத்தில் நின்றார். அலை வந்தபோது காலை நனைக்கவில்லை, ஓரடி பின்னால் வைத்தார். ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏன் பிடித்திருந்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் காற்று பலமாக இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் கால் வலிக்கிறது என்று ஜாடை காட்டினார். ஊருக்கு நடுவே கலங்கரை விளக்கத்தோடு ஒரு பாறைக் குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் எங்கள் பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு கல்லின்மேல் அவரை உட்காரவைத்தேன். "இங்கயே குந்திக்கினு இருங்கப்பா, எங்கயும் போவாதீங்க, பாப்பாவைக் கூட்டிக்கினு வந்துடறேன்" என்று சொன்னேன். தலையை ஆட்டினார். என் மகள் அலையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளையும் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு திரும்பி வர நேரம் ஆகிவிட்டது.

வந்து பார்த்தால் அப்பா இல்லை. பஸ்ஸும் இல்லை. கல்லுக்குக் கீழே அவருடைய செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது.

வேறு பஸ்கள் வந்து நெருக்கியதால் எங்கள் டிரைவர் பஸ்ஸைப் பக்கத்துச் சாலைக்கு மாற்றியிருந்தார். ஓடிப்போய்க் கேட்டோம். "நான் வண்டியை எடுக்கறப்ப பெரியவர் கல்லுமேலதான் இருந்தாரு டீச்சர். ஏறுங்கன்னு கூப்பிட்டேன், கையை ஆட்டிட்டாரு" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் என் கையிலிருந்த செருப்பையே பார்த்தார்கள். எங்கள் தெருக்கோடி அம்மாள் ஒருத்தி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "செருப்பைக் கழட்டி வெச்சிட்டுப் போனாருன்னா" என்று பக்கத்திலிருந்தவளிடம் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதியை எல்லாரும் அவரவர் மனதுக்குள் முடித்துக்கொண்டார்கள். நானும்தான். கிணற்றுக்கு வலை போட்டோம், இவரே கடலைக் கைகாட்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. விளம்பரத்தில் அலைமேல் விரலை வைத்ததும், நெஞ்சைத் தொட்டதும் வேறு அர்த்தமாக என் கண்முன்னால் வந்தன.

என் வீட்டுக்காரர் கடற்கரைக்கு ஓடினார். மகளைப் பஸ்ஸிலிருந்த பெண்களிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். மீன்பிடிக்கிறவர்கள் சிலர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். "இன்னிக்கி இழுப்பு ஜாஸ்தி" என்று ஒருவர் மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் அவர்களோடு கரையோரமாகத் தெற்கே நடந்தார்.

நான் போலீஸ்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"பேரைச் சொல்லுவாரா?"

"பேச முடியாதுங்க."

"எழுதிக் காட்டுவாரா?"

"எழுதவும் முடியாது."

"காது கேக்குமா?"

"நல்லா கேக்கும்."

"அப்ப மைக்கில கூப்பிடலாம் வாங்க" என்றார். திருவண்ணாமலையிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வந்த பெரியவர் எங்கிருந்தாலும் பஸ்ஸுக்கு வந்து சேரும்படி ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பஸ் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதே என்பது மூன்றாவதோ நான்காவதோ தடவை அறிவித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. கற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில், அடையாளத்துக்கு இருந்தவை பஸ்ஸும் செருப்பும்தான். பஸ்ஸை டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், செருப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஆகாயத்திலிருந்து மேகத்தைப் படம் எடுத்து வீட்டுக்கூடத்தில் காட்டுகிற காலம் வந்துவிட்டது. ஒரு வயசானவர் எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறார் என்று சொல்ல மட்டும் ஒரு கருவியும் கிடையாது.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அப்பாமேல்தான் கோபம். உங்களுக்குப் பேச்சு போனதற்கு நாங்கள் என்ன செய்வோம், உங்களோடு நாங்களும் இத்தனை மாதமாக வாயை மூடிக்கொண்டுதானே இருந்தோம் என்று மனதுக்குள் கத்திக்கொண்டே குன்றுப் பக்கம் திரும்பினேன். எங்கள் பஸ்ஸில் வந்த ஆண்கள் சிலரும் அந்தத் தெருக்கோடி அம்மாளும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள்.

குன்றின் அடியில் சங்கும் பாசிமணியும் விற்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"வெள்ளைச் சட்டையா? காலுல செருப்பு இல்லாம?"

"ஆமாம்மா, ஆமாம்."

"இப்பதான் இப்டிப் போனாருக்கா" என்று கையைக் காட்டினாள்.

உயிர் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. வாய் பேசாதவரா என்று கேட்டேன். "நான் எங்க அவராண்ட பேசினேன்?" என்றாள். வெள்ளைச் சட்டை போட்ட வயசானவர்கள் அன்று அங்கே எத்தனையோ பேர். செருப்பில்லாமல் நடக்கிறவர்களும் கம்மி இல்லை. ஆனாலும் அவள் காட்டிய பக்கம் ஓடினோம். குன்று எங்கள் வலக்கைப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு பாறை மண்டபத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தோம், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று கேட்டோம். பார்த்தேன் என்றார்கள் சிலர், பார்க்கவில்லை என்றார்கள் சிலர். முழுதாகச் சுற்றிக்கொண்டு மறுபடி சங்குக்காரியிடமே வந்து சேர்ந்தோம்.

"மறுக்கா போனாரே, பாக்கலியா? இப்பதான்" என்றாள்.

மறுபடி ஓடினோம். மறுபடி அவளிடமே வந்தோம். அதற்குள் வெயில் நன்றாக இறங்கிவிட்டது. "உங்களுக்கு முன்னாடிதான் போனாரு. இன்னாக்கா நீங்க" என்று அவளுக்கே அலுப்பாகிவிட்டது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர், மாமா நல்ல நடைக்காரர், பிடிக்க முடியாது என்றார். இன்னொருவர், அவள் சொல்கிற ஆள் வேறு யாராவதாக இருக்கும், கரைக்கே போய்ப் பார்க்கலாம் என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு பாறையில் சாய்ந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பேர் தேடுகிறோம், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று பிரிந்து போக ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்களுக்குப் பிறந்ததிலிருந்து மலை என்றால் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். செருப்பில்லாமல், மலையை வலமாக வைத்துச் சுற்றித்தான் பழக்கம். அப்பா மண்டி விடுமுறை நாளில் எல்லாம் அப்படிச் சுற்றியவர். ஊரில் எத்தனை பேர் சுற்றினாலும் எதிரே ஒரு முகம் வராது. எல்லாருக்கும் முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும். கல்லின்மேல் உட்கார்ந்திருந்தவர், கண்ணெதிரே ஒரு குன்று இருக்கக் கண்டு, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். நாங்களும் அவர் பின்னாலேயே, அதே பக்கமாக, அவர் முதுகைக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

சங்குக்காரி பார்த்தது அப்பாவைத்தானா என்ற ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. சங்குக்காரி பக்கத்திலேயே காத்திருந்தாலும் தெரிந்திருக்கும்தான். ஆனால் உட்கார்ந்து காத்திருக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நான் குன்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கத் திரும்பினேன்.

தெருக்கோடி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அப்டிப் போவாதீங்க. இந்த நேரத்துல அது வேணாம்."

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் வழக்கத்தில் இடப்பக்கமாகச் சுற்றுவது சாவுக்குத்தான். அம்மாவின் சிதையை என் தம்பி அப்படித்தான் சுற்றினான். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நேரத்தில் நான் அப்படி ஒரு அடி எடுத்துவைத்தால், இல்லை என்று நானே முடிவு செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் வந்தது. மற்ற நாளாக இருந்தால் இந்த மாதிரிப் பேச்சை நான் ஒரு வார்த்தையில் வெட்டியிருப்பேன். அன்று முடியவில்லை. "கையை விடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். விட்டுவிட்டாள்.

நடந்தேன். கால் சொன்னபடி கேட்கவில்லை. தெரிந்த பாட்டைக் கடைசி வரியிலிருந்து பாடச் சொன்ன மாதிரி இருந்தது. சுற்றுலா வந்தவர்கள், ஐஸ்காரர்கள், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் என்று எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற மேற்குப் பக்கத்துக்கு வந்ததும் கூட்டம் குறைந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் பாதையில் யாருமே இல்லை. கரையில் என் வீட்டுக்காரர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைப்பு போனது. சாமி பேரையெல்லாம் சொல்லிப் பழக்கம் இல்லாத நான் அன்று சொன்னேன்.

பாறை வளைகிற இடத்தில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வேர்வை. துண்டைத் தலையில் போட்டிருந்தார். கால் புழுதியாகியிருந்தது. அப்பா.

ஓடக்கூட முடியவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நாலடி நடப்பார், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். மறுபடி நாலடி, மறுபடி பின்னால். எதிரே வருகிற யாரையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் ஆள் எவரும் எதிரே வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் வந்தால் பின்னாலிருந்துதான் வருவோம். சுற்றி வந்து பார்த்தால் போன பஸ் திரும்பி வரவில்லை, செருப்பு இல்லை, நாங்கள் இல்லை. நாங்களும் எங்கேயோ பின்னால் சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று நினைத்து, இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று நடந்திருக்கிறார். சாகப் போனவர் யாரும் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தப் பார்வையைப் பார்த்தபோதுதான் பல மாதமாக என் நெஞ்சில் கிடந்த பயம் போனது.

கிட்டே வந்துவிட்டார். எனக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகப் பார்த்தார்.

"அப்பா" என்றேன்.

நின்றார். குரல் கேட்டதும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை. அவருடைய தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவரைத் தாண்டி நடந்துபோய், அவருக்குப் பின்னால் பாதையில் நின்றுகொண்டு மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை திரும்பியபோது என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேலே விரித்து ஆட்டினார். எங்கே போய்த் தொலைந்தாய், எவ்வளவு நேரமாகத் தேடுகிறேன் என்று என்னைக் கேட்டார்.

நான் வாய்விட்டு அழுதேன். அவர் என் தலையில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, போகலாம் என்று முன்னால் கையைக் காட்டினார். செருப்பை நீட்டினேன். சுற்று இன்னும் முடியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, குன்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே நடந்தேன். பஸ் நிற்கிற இடம் வரும் வரைக்கும் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.